குளியல் அறைக்குள் கள்ளக் கண்!

ஒரு பெண் குளிக்கப் போகிறாள். கதவைச் சாத்துகிறாள். தாழ்ப்பாள் போடுகிறாள்.

அந்தத் தாழ்ப்பாளுக்கு ஓர் அர்த்தம் உண்டு. "இது என் இடம். இங்கே வேறு யாரும் வரக்கூடாது" என்பது அதன் அர்த்தம். கொல்லைப்புறத்தில் ஓலைத் தட்டி மறைவில் குளித்தாலும் சரி, பளிங்கு பதித்த அறையில் குளித்தாலும் சரி, அந்த அர்த்தம் மாறுவது இல்லை.

அந்த மறைவுக்குள் ஒரு கள்ளக் கண் புகுந்தால்?

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெண் தொழிலாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தனியாக அழுதுகொண்டு கேட்கவில்லை. கூட்டமாக நின்று கேட்டார்கள்.

இரவில் திரண்டார்கள்

ஓசூர் என்றால் ரோஜா நினைவுக்கு வரும். குளிர்ந்த காற்று நினைவுக்கு வரும். 1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மொபட், கைக்கடிகாரம் என்று ஒவ்வொரு தொழிலாக வந்து சேர்ந்தது. இப்போது செல்போன் காலம்.

ஓசூருக்கு அருகே நாகமங்கலம் பகுதியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. ஐபோனுக்கான பாகங்கள் அங்கே தயாராகின்றன. வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். அவர்கள் தங்குவதற்கு 11 மாடி விடுதி உண்டு. "விடியல் ரெசிடென்சி" என்று பெயர். சுமார் 6 ஆயிரம் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள்.

அந்த விடுதியின் குளியல் அறை ஒன்றில் ரகசிய கேமரா இருப்பது தெரியவந்தது. செய்தி அறை அறையாகப் பரவியது. நவம்பர் 4-ந் தேதி இரவு பெண்கள் கீழே இறங்கி வந்தார்கள். நூறு பேர் அல்ல, ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அதிகாரிகள் விரைந்து வந்து சமாதானம் பேசினார்கள்.

அதே விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்ணைப் போலீசார் கைது செய்தனர். அவருக்குப் பின்னால் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆணும் பிறகு பிடிபட்டார். அவர்கள் குற்றவாளிகளா, இல்லையா என்பதைக் கோர்ட்டு சொல்லும். அது கோர்ட்டின் வேலை.

ஆனால், "ஆளைப் பிடித்தாகிவிட்டது, கதை முடிந்தது" என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்த விடுதியில் ஒவ்வொரு பெண்ணும் மறுநாள் காலையிலும் குளிக்க வேண்டும் அல்லவா?

எந்த ரகசியத்துக்குக் காவல்?

செல்போன் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் கட்டுக்காவல் அதிகம். உள்ளே போகும்போது சோதனை. வெளியே வரும்போதும் சோதனை. பல இடங்களில் தொழிலாளி தன் செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. காரணம், உள்ளே இருக்கும் இயந்திரத்தை யாராவது படம் எடுத்துவிடக்கூடாது. புதிய மாடல் போனின் வடிவம் வெளியே தெரிந்துவிடக்கூடாது.

இதில் தவறு இல்லை. தொழில் செய்பவர் தம் தொழில் ரகசியத்தைக் காப்பது நியாயமே.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு போனின் மூடி எப்படி இருக்கும் என்ற ரகசியத்துக்கு இத்தனை காவல். அந்த மூடியைச் செய்யும் பெண்ணின் உடம்பு அவளுடைய ரகசியம் அல்லவா? அதற்கு என்ன காவல்?

தொழிற்சாலை வாசலில் இருக்கும் கவனத்தில் பாதி, விடுதியின் குளியல் அறை வாசலில் இருந்தால் போதும். கேமரா உள்ளே வருவதே கஷ்டமாகிவிடும். இது பணம் இல்லாததால் நேரும் குறை அல்ல. எது காக்கப்பட வேண்டிய பொருள் என்று எண்ணுவதில் இருக்கும் குறை.

இது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொல்வது அல்ல. ஓசூர், சூளகிரி, பர்கூர் எங்கும் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் வருகிறார்கள். அங்கே 2024-ம் ஆண்டு வல்லம் வடகாலில் 18 ஆயிரத்து 720 பேர் தங்கும் விடுதியை அரசாங்கமே திறந்தது. ஒரு சிறிய நகரமே ஒரு கட்டிடத் தொகுதிக்குள் குடியேறுகிறது. நகரத்துக்கு முனிசிபாலிடி உண்டு. விடுதி என்ற இந்த நகரத்துக்கு யார் பொறுப்பு?

செருமல் சத்தம்

"இது கம்ப்யூட்டர் காலத்துப் புதுக் கஷ்டம்" என்று சிலர் சொல்கிறார்கள். கருவி புதிது. கஷ்டம் பழையது.

நம் கிராமங்களில் ஆற்றுப் படித்துறையிலும் குளத்தங்கரையிலும் பெண்கள் குளிப்பார்கள். அந்த வழியாக ஓர் ஆண் போக வேண்டி இருந்தால் என்ன செய்வார்? தூரத்திலேயே தொண்டையைச் செருமுவார். "நான் வருகிறேன்" என்பதற்கு அது அடையாளம். பெண்கள் சேலையைச் சரி செய்துகொள்வார்கள். அவர் தலையைக் குனிந்தபடி கடந்து போவார்.

அதைச் சட்டப் புத்தகம் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அது தெரிந்திருந்தது. பார்க்க முடியும் என்பதற்காகப் பார்த்துவிடக்கூடாது என்பதே அந்தச் செருமலின் பாடம்.

ரகசிய கேமரா செருமுவது இல்லை. சட்டைப் பொத்தான் அளவில் அது கிடைக்கிறது. சுவரில் செருகிய சார்ஜர் போலவும், சோப்புப் பெட்டி போலவும் வேஷம் போடுகிறது. அது எடுத்த படத்தைச் செல்போன் வழியாக ஒரு நொடியில் ஓர் ஊருக்கே அனுப்பலாம். அன்று எட்டிப் பார்த்தவன் ஒருவன். அவனை அடித்து விரட்டினார்கள். இன்று ஒருவன் எட்டிப் பார்த்தால் ஊரே எட்டிப் பார்க்க வழி இருக்கிறது.

அதனால்தான் பழைய பாடம் இன்று முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

எல்லை தாண்டி ஒரு முதியவர்

ஓசூரிலிருந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர். அந்தப் பெங்களூரில் கே.எஸ்.புட்டசாமி என்ற முதியவர் வாழ்ந்தார். கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

2012-ம் ஆண்டில் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. ஆதார் அட்டைக்காக மக்களின் கைரேகையையும் கண் அடையாளத்தையும் எடுப்பது சரியா என்று கேட்டார். அந்த வழக்கில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. "அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமையா?"

9 நீதிபதிகள் கூடி விசாரித்தார்கள். 2017-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. 9 பேரும் ஒரே குரலில் "ஆம்" என்றார்கள். உயிரோடும் சுதந்திரத்தோடும் சேர்ந்தது அந்தரங்கம் என்றார்கள். புட்டசாமி 2024-ம் ஆண்டு காலமானார். அவர் பெற்றுத் தந்த தீர்ப்பு இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு யாருக்கு? பங்களாவில் வசிப்பவருக்கு மட்டுமா? அப்படி அதில் இல்லை. பங்களாவில் இருப்பவருக்கு உயர்ந்த மதில் இருக்கிறது. ஒரே அறையில் பலரோடு கட்டில் போட்டுப் படுக்கும் பெண்ணுக்குத்தான் அந்தத் தீர்ப்பு அதிகம் வேண்டும். அவளுக்கென்று இருக்கும் ஒரே தனி இடம், அந்த நான்கு அடிக் குளியல் அறைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றம் என்று 2013-ம் ஆண்டில் தனிச் சட்டப்பிரிவு வந்தது. அந்தப் பிரிவு ஆண்களை மட்டுமே குற்றவாளியாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. அதன் 77-வது பிரிவு, "யார் செய்தாலும்" குற்றம் என்கிறது. ஆண் செய்தாலும் குற்றம். பெண் செய்தாலும் குற்றம்.

முதல் முறை பிடிபட்டால் குறைந்தது ஓர் ஆண்டு சிறை. 3 ஆண்டு வரை போகலாம். மறுபடியும் செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு. படம் எடுத்தவருக்கு மட்டும் அல்ல, அதைப் பரப்புகிறவருக்கும் இதே தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் தனியாகத் தண்டனை இருக்கிறது.

ஆகவே சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் வருவது குற்றம் நடந்த பிறகு. குற்றம் நடக்காமல் பார்ப்பது யார் வேலை என்பதுதான் கேள்வி.

மூன்று தவறான மருந்துகள்

இப்படி ஒரு செய்தி வந்ததும் மூன்று மருந்துகளைச் சொல்கிறார்கள். மூன்றும் நோயைத் தீர்க்காது.

"வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்" என்பது முதல் மருந்து. பெற்றோரின் பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பு நடக்கிறது. அப்பாவின் கடன் அடைகிறது. கள்ளக் கண் வைத்தது வேறொருவர். வேலையை இழப்பது அவளா? திருடன் வந்தான் என்பதற்காக வீட்டுக்காரரை ஊரை விட்டு அனுப்புவது உண்டா?

"எல்லாம் வடக்கிலிருந்து வந்தவர்களால்தான்" என்பது இரண்டாவது மருந்து. இது நஞ்சு. ஓசூர்த் தொழிற்சாலையின் முதல் 6 ஆயிரம் பெண்கள் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று 2022 நவம்பரில் மத்திய மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். வெகு தூரம் ரயிலில் வந்த பெண்கள் அவர்கள். தர்மபுரிப் பெண்ணும் ஜார்க்கண்ட் பெண்ணும் ஒரே விடுதியில்தான் தங்குகிறார்கள். கேமரா வைத்தால் இருவருடைய மானமும்தான் பறிபோகிறது. ஒருவர் செய்த குற்றத்தை ஒரு மாநிலத்தின் தலையில் கட்டுவது அநியாயம்.

2023 மார்ச் மாதம் நடந்ததை மறந்துவிடக்கூடாது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. எங்கோ எப்போதோ எடுத்த படங்களை ஒட்டிக் கதை கட்டினார்கள். பயந்துபோன தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுடன் ரயில் ஏறினார்கள். பிறகு அது பொய் என்று இரு மாநிலத்துப் போலீசாரும் சொன்னார்கள். பொய் ஒரு நாளில் ஓடிய தூரத்தைக் கடக்க உண்மைக்குப் பல நாள் ஆயிற்று.

"விடுதி முழுவதும் கேமரா வைத்துக் கண்காணியுங்கள்" என்பது மூன்றாவது மருந்து. வாசலில் கேமரா வேண்டும். மதில் ஓரம் வேண்டும். ஆனால் தாழ்வாரம், மாடிப்படி, துணி காயப்போடும் இடம் என்று எங்கும் கேமரா வைத்தால், அந்தப் படங்களைப் பார்ப்பது யார்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? ஒரு கள்ளக் கண்ணுக்குப் பயந்து நூறு கண்களை வைத்தால், அந்த நூறையும் காவல் காப்பது யார்?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, சோதனை. வாரம் ஒரு முறை குளியல் அறைகளைச் சோதிக்க வேண்டும். அதைச் செய்வது அங்கே தங்கும் பெண்களின் குழுவாக இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். தென் கொரியாவின் தலைநகர் சியோலில் இந்தத் தொல்லை முற்றியபோது, பொதுக் கழிப்பறைகளைச் சோதிக்க 2016-ம் ஆண்டிலேயே பெண்கள் படை ஒன்றை நகர நிர்வாகம் அமைத்தது. நம்மாலும் முடியும்.

இரண்டாவது, புகார் சொல்ல ஓர் ஆள். தமிழ், இந்தி, ஒடியா என்று தங்கியிருப்பவர்களின் மொழி தெரிந்த பெண் அதிகாரி வேண்டும். வாயால் சொன்ன புகாருக்கும் எழுத்தில் ரசீது தர வேண்டும். "பார்க்கிறேன், போ" என்பது பதில் ஆகாது.

மூன்றாவது, அரசாங்கத்தின் கண். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி விடுதி நடத்த கலெக்டரிடம் லைசென்ஸ் பெற வேண்டும். லைசென்ஸ் தருகிறவர் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்தால் மட்டும் போதாது. "அந்தரங்கத்துக்கு என்ன ஏற்பாடு?" என்றும் கேட்க வேண்டும்.

நான்காவது, காகிதங்கள். விடுதியில் சேரும் பெண் ஆதார் நகலைத் தருகிறாள். போட்டோ தருகிறாள். வீட்டு விலாசம், அப்பாவின் போன் நம்பர் எல்லாம் தருகிறாள். கைரேகை வைக்கிறாள். இவை யாருடைய மேஜை அறையில் கிடக்கின்றன? 2023-ம் ஆண்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளிவந்தன. முக்கியப் பிரிவுகள் அமலாக, அன்றிலிருந்து 18 மாதக் கெடு தரப்பட்டது. எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கெடு முடியட்டும் என்று நல்ல மானேஜர் காத்திருக்க மாட்டார்.

உங்கள் போனுக்கு வந்தால்?

எல்லாப் பொறுப்பும் கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் மட்டும்தானா? இல்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

கள்ளப் படம் எடுப்பவன் எதற்காக எடுக்கிறான்? பார்க்க ஆள் இருக்கிறது என்பதற்காக எடுக்கிறான். வாங்குவோர் இல்லாத சந்தையில் கடை நிலைக்காது. இதைத் தென் கொரியா புரிந்துகொண்டது. 2018-ல் அங்கே பல்லாயிரம் பெண்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2020-ல் சட்டம் திருத்தப்பட்டது. திருட்டுத்தனமாக எடுத்த படத்தை வைத்திருப்பதும் பார்ப்பதும்கூட அங்கே குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு.

அப்படிப்பட்ட படம் உங்கள் போனுக்கு வந்தால் திறக்காதீர்கள். வேறு ஒருவருக்கு அனுப்பாதீர்கள். "பாவம், இந்தப் பெண் யார் என்று தெரிகிறதா?" என்று இரக்கப்பட்டும் அனுப்பாதீர்கள். இரக்கத்தோடு அனுப்பினாலும் படம் படம்தான். அனுப்பியவர் யார், எந்த நம்பர் என்று குறித்துக்கொண்டு போலீசாரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் இதைப் புகார் செய்யலாம். பெண்களின் உதவிக்கு 181 என்ற போன் நம்பர் இருக்கிறது.

பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு வழி உண்டு. "ஸ்டாப் என்.சி.ஐ.ஐ." என்று ஓர் இணையதளம் இருக்கிறது. 18 வயது நிறைந்தவர்கள் அதைப் பயன்படுத்தலாம். அந்தப் படம் போனில் இருந்தால், கம்ப்யூட்டர் அதற்கு ஒரு ரேகை எடுக்கிறது. மனிதனுக்குக் கைரேகை போல, படத்துக்கும் ஒரு ரேகை. படம் போனை விட்டு வெளியே போவது இல்லை. ரேகை மட்டுமே போகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய நிறுவனங்கள் அந்த ரேகையை வைத்து, அதே படம் தங்களிடம் வந்தால் தடுத்துவிடலாம். கள்ளக் கண் ஆன அதே கம்ப்யூட்டர், இங்கே காவல்காரன் ஆகிறது. கருவியில் நல்லது கெட்டது இல்லை. பிடிக்கும் கையில் இருக்கிறது.

யாருக்கு வெட்கம்?

கடைசியாக ஒன்று. பெற்றோர்களுக்கு.

மகள் ஒரு நாள் போனில் தயங்கித் தயங்கிப் பேசுவாள். "அம்மா, இங்கே ஒன்று நடந்தது" என்பாள். அப்போது "நீ ஏன் கவனமாக இல்லை?" என்று கேட்காதீர்கள். "வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்" என்று வாயை அடைக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு குளித்தவள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவள் மானம் அவளிடம்தான் இருக்கிறது. போனது, ஒளிந்து பார்த்தவரின் மானம்.

நாகமங்கலம் பெண்கள் அன்று இரவு அதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வெளியே வந்து, "எங்களுக்கு யார் பொறுப்பு?" என்று உரக்கக் கேட்டார்கள்.

"நான் பொறுப்பு" என்று கம்பெனி சொல்ல வேண்டும். அரசாங்கம் சொல்ல வேண்டும். கையில் செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தத் தாழ்ப்பாளுக்கு மறுபடியும் அர்த்தம் வரும்.